எனக்குப் பதிலாக ஆடுகிறவன்

மாலை ஐந்துக்கு ஊசி. ஒன்பதுக்குப் பிடுங்கல்.
திங்கள், புதன், வெள்ளி.
ஹூஸ்டனில் ஒரு டயர் கடைக்கும்
வருமான வரிக் கணக்கர் அறைக்கும் நடுவே
எங்கள் டயாலிசிஸ் கூடம்.
நாற்காலி நான்கு என்னுடையது. ஐந்து வெண்டலுடையது.
எதிரே டெல்ஃபீன் ப்ரூசார்ட்,
கைப்பைக்குள் விலக்கப்பட்ட வேர்க்கடலை.
மூலையில் யூசேபியோ கன்டூ,
முப்பது வருடம் பள்ளிப் பேருந்துகளுக்கு பிரேக் பார்த்தவர்.
நால்வருக்கும் ஒரே தொலைக்காட்சி.

அந்த ஏப்ரலில் எங்களை லீக் மாற்றினார்கள்.
ஐம்பத்தோரு வருடம் நேஷனல் லீக்.
விடிந்தால் அமெரிக்கன் லீக், மேற்குப் பிரிவு.
எங்களை யார் கேட்டார்கள்?
வாடகைக்காரனைக் கேட்டா
வீட்டை விற்கிறார்கள்?

"செயிண்ட் லூயிஸை வெறுக்க
எனக்குப் பத்து வருடம் பிடித்தது" என்றாள் டெல்ஃபீன்.
"அந்தச் சிவப்புத் தொப்பியைக் கண்டாலே சோறு இறங்காது.
சியாட்டிலை எப்படி வெறுப்பேன்?
எந்நேரமும் மழை பெய்கிற ஊர். பாவம்."

வெண்டலின் துக்கம் வேறு.
புது லீகில் பிட்சர் மட்டை பிடிக்க மாட்டான்.
அவனுக்குப் பதிலாக அடிக்க
ஒருவன் பெஞ்சிலிருந்து எழுந்து வருவான்,
அடிப்பான், போய் உட்காருவான்.
"இதுவும் ஒரு ஆட்டமா?
இரண்டாயிரத்து ஐந்து பிளேஆஃப், அட்லாண்டாவோடு,
பதினெட்டு இன்னிங்ஸ், ஐந்து மணி ஐம்பது நிமிடம்.
ஆளெல்லாம் தீர்ந்துபோய்
நாற்பத்து மூன்று வயதுப் பிட்சர்
மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தானே,
பந்தை மெல்லத் தட்டிவிட்டுத் தான் அவுட்டாகி
அடுத்தவனை முன்னே நகர்த்தினானே,
அப்புறம் மூன்று இன்னிங்ஸ் வீசினானே!
தன் வேலையைத் தானே செய்கிறவன்தான் மனுஷன்."

நானும் அந்த ஆட்டத்தை நின்றபடியே பார்த்தேன்,
மச்சினியின் சமையலறையில்.
அப்போது என் சிறுநீரகங்கள் இரண்டும்
சொன்ன பேச்சு கேட்டன.

யூசேபியோ கண்ணைத் திறக்காமலே கேட்டார்:
"வெண்டல், உன் இடது கைப்பக்கம் நிற்பது யார்?"

திரும்பிப் பார்த்தோம்.
பழுப்பு நிறப் பெட்டி.
உருளை சுற்ற, குழாயில் எங்கள் சிவப்பு
அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தது.
அடிக்கிறான், உட்காருகிறான்.
அடிக்கிறான், உட்காருகிறான்.

வெண்டல் சிரித்த சிரிப்பில் அலாரம் அடித்தது.
தாதி இஃபியோமா ஓடி வந்து
கையை ஆட்டாதே என்று அதட்டினாள்.

பிறகு பேச்சு பிளேஆஃபுக்கு மாறியது.
நூற்று அறுபத்திரண்டு ஆட்டம் ஓடி ஓடி
மிச்சமிருக்கும் இடத்துக்கு ஒரே ஒரு ராத்திரியில் தீர்ப்பா,
ஏழு ஆட்டம் வேண்டாமா என்றேன் நான்.
"ஒரு ராத்திரி போதும்" என்றாள் டெல்ஃபீன்.
மூன்று வருடமாகப் பட்டியலில் இருக்கிறாள்.
ஒரே ஒருமுறை தொலைபேசி வந்தது,
விடிவதற்குள் அந்தச் சிறுநீரகம்
டாலஸில் வேறொருவருக்குப் போய்விட்டது.
யாரும் பதில் சொல்லவில்லை.
கடலை ஓடு உடையும் சத்தம் மட்டும்.
இஃபியோமா காதில் வாங்காத மாதிரி போனாள்.

லீக் மாற்றத்தில் நிஜமான நஷ்டம்
எங்களுக்கு மே மாதம்தான் உறைத்தது.
மேற்குக் கரையில் ஆட்டம் என்றால்
முதல் பந்து எங்கள் கடிகாரத்தில் ஒன்பது பத்துக்கு.
நாலு மணி நேரம் வெறும் சமையல் நிகழ்ச்சி பார்த்து,
பஞ்சு ஒட்டிய கையோடு
ஆட்டம் தொடங்கும்போது வெளியே வந்தோம்.

வெண்டலின் டிரக் கதவுகளைத் திறந்து வைத்தான்.
வானொலி. டயர் வாசனை.
யூசேபியோவை ஏற்ற வந்த வேன்காரன்
இரண்டு இன்னிங்ஸ் பொறுத்தான்,
அப்புறம் அவனும் எஞ்சினை அணைத்தான்.

தோற்றோம். அந்த வருடம் நூற்றுப் பதினொரு முறை தோற்றோம்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை
டெல்ஃபீனின் அழுத்தக் கருவி சிவப்பில் நின்றது.
உப்பா, தண்ணீரா, என்ன சாப்பிட்டாய்
என்று குடைந்தாள் இஃபியோமா.
"ஓக்லண்ட்" என்றாள் டெல்ஃபீன், பல்லைக் கடித்துக்கொண்டு.
"அந்தப் பச்சைத் தொப்பிக்காரர்கள்."

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
பிடித்துக்கொண்டது.